கட்டிலைச் சுற்றி ஒரு சிக்ஸ் ஸ்டெப்

ஏழாம் வகுப்பில் ஆண்டு விழா நடனத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது மாஸ்டர் செய்த தவறு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். சிக்ஸ் ஸ்டெப் எனக்கு வரவே இல்லை. குந்தி உட்கார்ந்து, கைகளை மாறி மாறித் தரையில் ஊன்றி, உடம்பு தரையில் படாமல் கால்களால் ஒரு வட்டம் போட வேண்டும். ஆறு அடியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். நான் மூன்றாவது அடியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிடுவேன். திங்கட்கிழமைக்குள் வரவில்லை என்றால் பின்வரிசையில் கொடி ஆட்ட வேண்டியதுதான் என்றார். கொடி ஆட்டுவதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே போதும். எனக்கு மானம் போனது.

பல்லாவரத்தில் எங்கள் வீடு மாடியில் ஒரு ஹாலும் சமையலறையும்தான். மொட்டைமாடி வெயிலில் கை வைத்தால் கொப்பளிக்கும். ராத்திரியில் ஆடினால் கீழே வீட்டு ஓனர் கத்துவார். மிச்சம் இருந்தது சாயங்கால ஹால். அதில் பாதியை அடைத்துக்கொண்டு கட்டிலில் அப்பா தூங்குவார். அவருக்கு ஏர்போர்ட்டில் இரவு முழுக்கப் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை.

அம்மா கரண்டியோடு வந்து எச்சரித்தாள். "ராவெல்லாம் மூட்டை தூக்கினு வந்து இப்பத்தான் கண்ணசர்றாரு. சத்தம் கித்தம் வந்துச்சு, டான்ஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

அதனால் போனில் பாட்டை அணைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு ஆடினேன். வட்டத்தில் நாலாவது அடிக்கு இடது காலை நீட்டினால் கட்டில் கால் இடிக்கும். முதல் நாள் சுண்டுவிரல் போய்ச் சேர்ந்தது என்றே நினைத்தேன். கத்தாமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். அப்பா அசையவில்லை. இடி விழுந்தாலும் எழாத தூக்கம் என்று எனக்கு உள்ளூர ஏளனம்.

அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் காலைச் சட்டென்று மடக்கிக்கொள்ளப் பழகினேன். எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் அப்பா, அந்த வாரம் முழுக்க என் பக்கம் திரும்பி, முகத்தில் மெல்லிய ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். ஃபேன் காற்று கண்ணில் அடிக்கிறது போலும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மாஸ்டர் பார்த்தார். "பரவால்லியே" என்றார். கொடி வேறு யாருக்கோ போனது.

விழாவன்று பெரிய மேடை. எல்லோரும் காலை வீசி வீசிச் சுற்றினார்கள். நானும் சுற்றினேன், விழவில்லை. ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் அந்த இடம் வந்ததும் கால் தானாக மடங்கியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் ஆடியவள்கூட, அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்தாளாம்.

வேலைக்குப் போகும் வழியில் விழாவுக்கு வந்திருந்த அப்பா, யூனிஃபார்மோடு கேட்டருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கதான் கட்டிலே இல்லியே பாப்பா, காலை இன்னாத்துக்கு மடக்கினே?"

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவர் வாட்சைப் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

தூங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, நான் எந்த இடத்தில் காலை மடக்குவேன் என்பது எப்படித் தெரியும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.