பக்கத்துப் பலகை

சேஃப்டி ஆபீசர் தன் துப்பாக்கித் தொலைநோக்கியை, அந்த ஸ்கோப்பை, துடைப்பதைப் பார்க்க வேண்டும். மூச்சை ஊதி, மஞ்சள் துணியால் வட்டம் வட்டமாக, பச்சைக் குழந்தைக்குப் பவுடர் பூசுவது போல. வளைகுடாவில், ருவைஸுக்கு வெளியே, எங்கள் அர்பாப், அதாவது கம்பெனி முதலாளி, நடத்திய துப்பாக்கி கிளப்பில் அப்போது எனக்கு வேலை. குறிப்பலகையில் விழும் ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி மூட வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டுப் பல ஊர் சுற்றியவனுக்கு, முன்பு பார்த்த வேலைகளைவிட இதில் நிழல் அதிகம்.

தூரத்துக் குறி சுடுவது அர்பாபின் பைத்தியம். கம்பெனி அணியில் சேருபவனுக்கு அபுதாபி தலைமை அலுவலகத்தில் நாற்காலி நிச்சயம். அணியில் ஓரிடம் காலியானது. மோதியவர்கள் இருவர்: மதுரைக்கார சேஃப்டி ஆபீசர், யாழ்ப்பாணத்துக் கிளார்க். இருவரும் சுடுவதற்குப் புதியவர்கள். துப்பாக்கியைக் கிளப் தரும்; மற்றவற்றை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்த கோயம்புத்தூர்க்காரர். "புதுசா கத்துக்கறவங்களுக்குப் பத்து மடங்கு காட்டுற ஸ்கோப்பு போதுமுங்க. அதைப் பிடிக்கிற கிளாம்ப் உறுதியா இருக்கோணும். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்குங்க. துப்பாக்கிப் பின்கட்டைக்கு அண்டக் குடுக்க ஒரு மண்ணு மூட்டை தெச்சுக்குங்க" என்றார்.

"மண்ணு மூட்டையா? நான் என்ன சித்தாளாண்ணே?" என்று சிரித்தார் ஆபீசர். கடையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அர்பாப் வச்சிருக்காருல்ல, அதவிடப் பெருசு இருக்கா?" இருந்தது. ஒரு குண்டுகூடச் சுடுமுன் அதோடு நின்ற படம் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. ஊரில் இருப்பவன் பார்ப்பதற்காகவே இங்கே பொருள் வாங்கும் ரகம் அது. எந்த கேம்ப்பிலும் கிடைக்கும்.

கிளார்க் மட்டும் பெரிய ஆளா? கஞ்சன். மூட்டைக்குப் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து, மெஸ் அரிசியையே அள்ளி அதில் நிரப்பிக்கொண்டார். ஸ்கோப் கிளப்பில் கிடந்த பழசு.

தேர்வு நாள் மதியம் மணல் கொதித்தது. இருவருக்கும் அடுத்தடுத்து எண் போட்ட பலகைகள். ஆபீசர் ஸ்கோப்பைக் கடைசிவரை திருகினார். அத்தனை பெரிதாக்கினால் கண்ணாடிக்குள் ஒரு பலகைதான் தெரியும்; அதன் கீழே உள்ள எண் தெரியாது. கானலில் காகிதம் வேறு தண்ணீராக நெளியும். அவர் நிதானமாகத்தான் சுட்டார்.

பலகைகளை இறக்கிக் கொண்டுவந்தேன். ஆபீசருடையது புதுச் சட்டை போலச் சுத்தம். கிளார்க்குடையது சல்லடை. எங்கும் சிதறிய ஓட்டைகள், நடுவில் மட்டும் ஒரு கொத்து.

அதுவரை என்னை "டேய் பசை" என்ற ஆபீசர், "தம்பி, நடுவுல இருக்கறது என்னுதுன்னு சொல்லுய்யா" என்றார்.

"ஓட்டையில பேரா எழுதியிருக்கு சார்?"

கோயம்புத்தூர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் ஒரே சைசுங்க. பிரிக்க முடியாது. இங்கத்த சட்டப்படி நல்ல ஓட்டையெல்லாம் பலகைக்காரருக்கு."

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணை நல்லாத்தான் சுட்டவர். நான் என்ன செய்யிறது? என்ர பலகையில எல்லோ விழுந்திட்டுது."

இப்போது நான் சவுதியில், யான்புவில் குழாய் ஏற்றுகிறேன். ருவைஸிலிருந்து வந்தவன் சொன்னான்: அபுதாபியில் கிளார்க்குக்குத் தனி அறையாம். சுடக் கூப்பிட்டால் தோள்வலி என்கிறாராம். ஆபீசர் இன்னும் ருவைஸில்தான். கிளார்க்கை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தன் குண்டுகள்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாராம், பெருமையாக.