மூச்சுக்குப் பின்னால் ஒரு விசில்

அந்த ஹெட்போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலக்காதுப் பஞ்சு கிழிந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியது. கவரைப்பேட்டையில், டயர் கடைக்கு மேலிருந்த பாட்டுப் பதிவு ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் அதை என் தலையில் மாட்டிவிட்டு, "பேசாத, கேளும்மா" என்றார். அதற்குப் பிறகு நான் பயமில்லாமல் அண்ணனின் குரலைக் கேட்டதில்லை.

அண்ணன் அப்போது கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உலை வேலை. ஷிப்ட் முடிந்து வரும் ரயிலிலேயே மெட்டுப் போட்டு, போனில் முனகி வைத்துக்கொள்வார். மூன்று பாட்டுகள் சேர்ந்திருந்தன. தானே எழுதி, தானே பாடி, தானே இணையத்தில் வெளியிடப் போவதாகச் சொன்னார். நான் சென்னையில் ஒரு நாளிதழில் பக்கம் திருத்துகிறவள். வரிகளில் பிழை பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தார்.

சிறிய அறை. சத்தம் அடங்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். கதவுக்குப் பின்னால், பேனாவால் அடிக்கோடிட்ட ரயில் நேர அட்டவணை. தண்டவாளம் பக்கத்திலேயே என்பதால் இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் பதிவு. "கூடூர் வண்டி போச்சு, பாடு" என்பார் தயாரிப்பாளர். மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், இருவருக்கும் வியர்வை ஒழுகும். பாடி முடித்ததும், வரிகளுக்கு நடுவே விழும் மூச்சொலியைத் திரையில் தேடித் தேடி வெட்டுவார். அது அவர் வழக்கம்.

மூன்றாவது பாட்டின்போது வெட்ட முடியவில்லை. மூச்சின் வால்போல ஒரு மெல்லிய விசில், அடுத்த வரிக்குள்ளும் நீண்டது. கேபிளை மாற்றினார். கீழ்க்கடைக்காரரிடம் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். கடைசியில் மைக்கையே மாற்றினார்.

"இன்னா நைனா, உன் மைக்குக்கு இழுப்பா?" என்று அண்ணன் சிரித்தார்.

"மூடிக்கினு பாடுடா. நீ கத்துற கத்துக்கு அது தாங்குறதே பெருசு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த விசிலைக் கருவிகளில் தேடினார்கள். இரண்டாவது ஞாயிறு, அண்ணன் டீ வாங்கக் கீழே போயிருந்தபோது, தயாரிப்பாளர் வெற்று அறையைப் பதிவு செய்து பார்த்தார். விசில் இல்லை. பிறகு, பாட்டு தொடங்குமுன் அண்ணன் மைக் முன்னால் சும்மா நின்ற சில நொடிகளை ஓட்டி, ஹெட்போனை எனக்கு மாட்டினார். அண்ணன் மூச்சுவிடுகிறார், அவ்வளவுதான். உள்ளே எங்கோ, பஞ்சரான ட்யூபில் காற்று கசிவதுபோல.

"மைக்ல ஒண்ணுமில்லம்மா. நீயே சொல்லிடு. என்னால ஆவாது."

விபத்துச் செய்திகளில் இறந்தவரின் வயதைச் சரிபார்க்க முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் செய்பவள் நான். அண்ணனிடம் கேட்க ஒரு வாக்கியம் அமையவில்லை. படியில் அவர் காலடி கேட்டது. நின்றது. மறுபடி ஏறியது. பன்னிரண்டு படிகளில் இரண்டு முறை நின்றார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

உள்ளே வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா? நாலு மாசமா இருக்குது. படுத்துக்கினா எனக்கே கேக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போவலியாண்ணா?"

"போனா பாடக்கூடாதுன்னுடுவாங்க பாப்பா. மூணாவது பாட்டு முடியட்டும்." தயாரிப்பாளரிடம் திரும்பி, "நீ வெட்டிடுவ இல்ல?" என்றார்.

தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தயாரிப்பாளர் அட்டவணையைப் பார்த்தார்; அடுத்த ரயிலுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அண்ணன் பாடினார். ஒவ்வொரு வரி முடியும்போதும் அடுத்த வரி வருமா என்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை பார்க்க வந்தவளுக்கு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் தூசி படிந்திருந்தது. படிந்தது போகாது, உலைப்பக்கம் போகாவிட்டால் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

இப்போது அண்ணன் வேப்பம்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. பாட்டுகள் இணையத்தில் இருக்கின்றன. குரல் சுத்தமாக இருப்பதாகக் கேட்டவர்கள் எழுதுகிறார்கள். தயாரிப்பாளர் நாள்கணக்கில் உட்கார்ந்து விசிலையும் துடைத்தெடுத்ததில், மூன்றிலும் ஓரிடத்தில்கூட மூச்சு இல்லை. புது ஹெட்போன் வாங்கிய தயாரிப்பாளர் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு அண்ணன் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கினார். நான் சமையலறையில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தும் அந்த விசில் கேட்டது. அலமாரியிலிருந்து ஹெட்போனை எடுத்து, எதிலும் செருகாமல், காதுகளை மூடிக்கொண்டேன்.