இரண்டு தாளிலும் இல்லாத பெயர்

மழையில் மூழ்கிய நெல்வயல்களை நிவாரணத்துக்காகப் பார்வையிட பாகூர்ப் பக்கம் அதிகாரி வந்திருந்தார். ஊரை இரண்டு தாளாகப் பிரித்து, மேலே வரைபடமும் கீழே விவசாயிகள் பட்டியலும் கம்ப்யூட்டரில் அச்சடித்தவன் நான். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அதிகாரி அந்த வயலுக்குப் போவார்.

"படத்துல என் கழனி இருக்குது, பேரு இல்லியே. இன்னா சார் இது?" என்றார் ஓர் அம்மா.

"கம்ப்யூட்டர் தப்பு செய்யாதும்மா" என்றேன், தலை நிமிராமல்.

"அதுவா வந்து நாத்து நட்டுச்சு?"

சுருக்கென்றது. இரண்டாம் தாளை எடுத்தேன். அதிலும் அவர் பெயர் இல்லை. அவர் கழனி இதில் பாதி, அதில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. தாளுக்குள் முழுதாக அடங்கும் வயல்களை மட்டுமே மென்பொருள் பட்டியலில் சேர்த்திருந்தது. நான் சரிபார்க்கவில்லை.

வெளியே ஜீப் உறுமியது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"சார், பட்டியல் தப்பு. என் தப்புதான்."

அதிகாரி முறைத்தார். பிறகு பேனாவை நீட்டினார். "வுட்டுப்போன பேரெல்லாம் எழுதுய்யா."

இரண்டு தாளையும் ஒட்டிவைத்து, வெட்டுப்பட்ட வயல்கள் யாருடையவை என்று அந்த அம்மாவிடம் கேட்டு ஏழு பெயர்கள் எழுதினேன். வழிகாட்ட அந்த அம்மாவே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவர் பேசாமல் திரும்பியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இப்போதெல்லாம் தாளின் ஓரத்து வயல்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.