ஒன்பதாவது ஆள்

பேஸ்போல் மாதிரியான சொஃப்ட்போல் விளையாட்டைத் தவிர றெபேக்காவுக்கு வேறு ஒன்றும் உருப்படியாக வரவில்லை. இதை அவளே சொல்வாள். கல்யாணம் இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் கல்லூரி அணியில், மட்டையாளிக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக, முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு குந்தினாளென்றால் ஒரு பந்தும் அவளைத் தாண்டிப் போகாது. நான்கு வருடம் அப்படி விளையாடினாள். வீட்டில் அவள் நூலகத்தில் இருப்பதாக நினைத்தார்கள்.

அவள் மட்டும் செய்த திருகுதாளம் இல்லை அது. அந்தக் காலத்தில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் நூலகத்தில்தான் வளர்ந்தார்கள், தாய்தகப்பன் நம்பியபடி பார்த்தால். படத்துக்குப் போனாலும் நூலகம், பெடியனைப் பார்க்கப் போனாலும் நூலகம். கேட்டால் விடமாட்டார்கள், ஆகவே கேட்பதில்லை.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் ஆறு வருடம் உதவிக் கோச்சாகப் பந்துப் பை தூக்கினாள். பிறகு தலைமைக் கோச். பெயர்தான் பெரிசு. தலைமைக் கோச்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வானும் ஓட்ட வேண்டும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடும் போட வேண்டும். பத்து வருடம் முகம் சுளிக்காமல் செய்தாள். ஆனால் வருடத்துக்கு வருடம் வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். இந்தச் செப்டெம்பரில் சரியாக ஒன்பது பேர். மைதானத்தில் நிற்க வேண்டியதும் ஒன்பது பேர். ஒருத்தி குறைந்தாலும் ஆட்டம் எதிர்ப்பக்கத்துக்கு. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து ஏற்கெனவே ஓர் ஆட்டம் அப்படிப் போய்விட்டது. இன்னொரு முறை நடந்தால் ரீமையே மூடிவிடுவோம் என்று விளையாட்டுப் பிரிவு கடிதம் அனுப்பியது. அதை மடித்துக் காருக்குள் வைத்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

அந்த ஒன்பதில் ஒருத்தி வெக்ஸ்போர்ட் பக்கத்து அனோஜா. குதிரைபோல ஓடுவாள். அவளும் வீட்டில் நூலகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். றெபேக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தாள்.

புதன்கிழமை அனோஜா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ கோச், சனிக்கிழமை விளையாட வரேலாது. மச்சாள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. ஆராத்தித் தட்டுத் தூக்க நான் வேணுமாம். அம்மா விடமாட்டா."

அந்த நேரத்தில் றெபேக்கா போனை எடுத்துத் தாயோடு பேசியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதுப் பெண் செய்யக்கூடிய காரியம்தான். இவளோ யோசிக்காமல் சொன்னாள்: "எக்ஸாம் எண்டு சொல்லும்."

"சனிக்கிழமையோ?"

"ஓம். விட்ட எக்ஸாமைத் திருப்பி வைக்கினம் எண்டு சொல்லும். அவைக்கு என்ன தெரியும்?"

எங்கள் சனத்திடம் சாமத்தியவீட்டை வெல்லக்கூடியது சோதனை ஒன்றுதான். தாய் கிளடிஸ் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை தட்டுகள் மேடைக்குப் போய்ச் சேர்ந்ததும், பிள்ளை வெறும் வயிற்றோடு எழுதுகிறாளே என்று மனம் கேட்காமல், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பட்டுச்சேலையோடு கல்லூரிக்கு வந்துவிட்டாள். இன்றைக்குச் சோதனை ஒன்றும் இல்லையே என்றான் வாசல் காவலாளி. மகளின் போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. அரை மணித்தியாலம் கட்டடம் கட்டடமாக ஓடினாள். கடைசியில் கூச்சல் கேட்டு மைதானத்துப் பக்கம் வந்தாள்.

மூன்றுக்கு ஒன்று என்று றெபேக்காவின் ரீம் முன்னுக்கு நின்றது. கிளடிஸ் வேலிக் கதவைத் திறந்து ஆட்டத்துக்கு நடுவே நேரே நடந்து போனாள். கத்தவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மிச்சம் எட்டுப் பேர். நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஆட்டம் எதிர்ப்பக்கத்துக்கு என்று றெபேக்காவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

றெபேக்கா கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். "அக்கா, பிழை என்னிலதான். நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். நீங்கள் விடமாட்டீங்கள் எண்டு..."

"ஆர் சொன்னது?" கிளடிஸ் மகளின் கையை இன்னும் விடவில்லை. "பிள்ளையை ஆரோ கடத்திக்கொண்டு போட்டினம் எண்டெல்லே நினைச்சன். ஒரு போன் அடிச்சிருந்தா தட்டுக்கு வேற ஆளைப் பிடிச்சிருப்பன். மன்னாரில பள்ளிக்கூட ரீமில நானும் நெற்போல் விளையாடினனான். கேட்டனீரோ என்னட்டை?"



திங்கட்கிழமை ரீமை மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. அனோஜா வரவில்லை. மற்ற எட்டுப் பேரையும் உடைமாற்றும் அறையில் இருத்தி, முதல் கடிதம் தொடக்கம் எல்லாவற்றையும் றெபேக்கா சொன்னாள். பதினாறு வருடமும் வீண் என்று முடித்தாள்.

"முதல் கடிதம் எப்ப வந்தது?" என்று கேட்டாள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான சுபாங்கி.

"ரெண்டு கிழமைக்கு முன்னம்."

"என்ர தங்கச்சியும் இங்கதான் படிக்கிறாள், கோச். ஸ்கூல் ரீமில கேட்சரா இருந்தவள். நீங்கள் கேட்டிருந்தா வந்து நிண்டிருப்பாள்."