கறிவேப்பிலை மரத்தடி மண்

அந்தக் கிருமி என்னை ஆட்டிப் படைத்த அளவுக்கு என் மாமியார்கூட என்னை ஆட்டிப் படைத்ததில்லை.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, இது இன்ன இனம் என்று அடையாளம் காண்பதுதான் முனைவர் பட்டத்துக்கான என் வேலை. ஹடப்சர் தொழிற்பேட்டை ஓரம், எங்கள் பாணேர் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் மேடு, ஆற்றங்கரை என்று புனே முழுக்க மண் அள்ளினேன். ஊரின் இன்னொரு மூலையான நிக்டியில் அம்மா இருக்கிறாள். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். ஒருநாள் அவளைப் பார்க்கப் போனபோது, பின்பக்கத்துக் கறிவேப்பிலை மரத்தடியிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். மற்ற மண்ணிலெல்லாம் வந்தவை ஏற்கெனவே தெரிந்த முகங்கள். அம்மா வீட்டு மண்ணைப் பரப்பிய, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் மட்டும் கடுகளவில், வெளிறிய ரோஜா நிறத்தில், பளபளவென்று புள்ளிகள் முளைத்திருந்தன.

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். எந்தச் சூட்டில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பாலில் உள்ள சர்க்கரையை அது அப்படி ஆசையாகத் தின்றது. மண்ணில் கிடப்பதற்குப் பாலோடு என்ன உறவு? ஒன்றும் பிடிபடவில்லை. மரபணு வரிசையோ, இதுவரை தெரிந்த எந்த இனத்தோடும் முழுதாகப் பொருந்தவில்லை. புது இனம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தீசிஸின் கடைசி அத்தியாயம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது.

என் கைடு எதற்கும் சட்டென்று மயங்காத மராட்டிப் பெண்மணி. அதே இடத்திலிருந்து மறுபடியும் எடுத்துக் காட்டினால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார். போனேன், எடுத்தேன், வளர்த்தேன். ரோஜா நிறத்தில் ஒன்றுகூட இல்லை. இன்னொரு முறை எடுத்தேன். அப்போதும் இல்லை. முதலில் வந்தது லேபில் எங்கிருந்தோ விழுந்த தூசியாக இருக்கும், அந்த அத்தியாயத்தை விட்டுவிடு என்றார் கைடு. அவர் அதைத் தன்மையாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என் கையைச் சந்தேகப்பட்டேன். தட்டுகளைச் சந்தேகப்பட்டேன். மண்ணைக் கொண்டுவந்த பையைக்கூட முகர்ந்து பார்த்தேன். இருந்தது எப்படி இல்லாமல் போகும்? இல்லாதது எப்படி வந்தது? சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

"பேசாம அந்த மண்ணுக்கு ஜாதகம் பாத்துடு" என்றார் கணவர். நான் இருந்த இருப்பில் அதையும் செய்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நிக்டிக்குப் போனேன். அம்மா சமையலறையில் ஒரு சொம்பு மோரைச் சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் புளிப்பு வாடை.

"ஏம்மா மோரைக் கொட்டுற?"

"புளிச்சுப் போச்சுடி. முன்னல்லாம் கறிவேப்பிலைக்குத்தான் ஊத்துவேன். நீ மண்ணு எடுத்துட்டுப் போனதுலேர்ந்து நிறுத்திட்டேன். படிப்பு விஷயமாச்சே, நான் பாட்டுக்கு எதையாவது ஊத்தி கெடுத்துட்டா?"

மோரில் இருப்பதும் அதே பால் சர்க்கரைதானே! கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் வீடுகளில் யாருக்குத்தான் தெரியாது? பால் சர்க்கரைப் புதிரோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியவளுக்கு அது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"அம்மா, பழையபடி ஊத்து. தினமும் ஊத்து" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவளுடைய தயிரையும் மோரையும் லேபுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். அவற்றில் அந்தக் கிருமி இல்லை. அதே வீட்டின் மதிலோர மண்ணிலும் இல்லை. சில வாரங்கள் கழித்து மரத்தடி மண்ணைப் பரப்பியபோதுதான் ரோஜாப் புள்ளிகள் திரும்பி வந்தன. மண்ணில் கண்ணுக்குச் சிக்காத அளவு கொஞ்சமாக இருந்தது, மோர் கிடைத்ததும் பெருகியிருக்க வேண்டும் என்று விளக்கம் எழுதினேன். கைடு தட்டுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, அத்தியாயத்தை எழுது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் அதை மண்ணின் பிள்ளை என்பதா மோரின் பிள்ளை என்பதா என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

விஷயத்தைச் சொல்ல நிக்டிக்குப் போனபோதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"நீ ஒரு ஆளு. தினமும் இவ்ளோ மோர் எப்படிம்மா மிஞ்சுது?"

அம்மா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேருக்கு உறை ஊத்தியே பழகிடுச்சுடி. உங்கப்பா போனப்புறமும் கை அதே அளவுக்குத்தான் போவுது. அவரு பங்கைக் கீழ கொட்ட மனசு வரல. அதான் மரத்துக்கு ஊத்துனேன்."

சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மறுசோறு வாங்கி, மேலும் மேலும் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அம்மா சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நீயே குடிச்சிட்டியே, உன் கிருமிக்கு?"

"இன்னிக்கு ஒரு நாள் பட்டினி கிடக்கட்டும்மா."