பின்னால் வந்த காய்கறி வேன்

நாற்பத்தாறு வயதுவரை நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் பக்கத்திலிருக்கும் வைட்டிலா பஸ் நிலையம். அங்கேயும் என் தம்பி வந்து நிற்பான். அதனால்தான் எங்கள் ஊர் மட்டாஞ்சேரியிலிருந்து கன்னியாகுமரிவரை, கடலோரமாக, சைக்கிளில், ஒற்றையாளாகப் போவது என்று முடிவெடுத்தேன். ஒரு வருடம் விடிகாலையில் கும்பளங்கிவரை மிதித்துப் பழகினேன். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளம்பிய அன்று கண்ணமாலியைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் கேட்டது. ஒதுங்கினேன். வண்டி முந்தவில்லை. திரும்பிப் பார்த்தால் எங்கள் கடையின் காய்கறி வேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர், ஒன்றும் அறியாத முகத்தோடு.

"எங்க வரீங்க?"

"நீ போ. நான் பாட்டுக்கு வரேன்."

"தனியாப் போறேன்னுதானே சொன்னேன்?"

"தனியாத்தான் போற. நான் என்ன சைக்கிள்லயா வரேன்?"

இந்த மாதிரி ஆளிடம் என்னத்தைப் பேசுவது! பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

அதோடு விட்டாரா? கம்பம் ஊரிலிருந்து இங்கே வந்து கடை போட்ட குடும்பம் அவருடையது. வெறும் வண்டி ஓட்டுவது அவர்களுக்குப் பாவம். பெண்டாட்டியைப் பின்தொடரக் கிளம்பினாலும் தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார். செல்லானத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். தடுப்புச் சுவருக்கு அப்பால் கடல். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் வந்ததே. என் காதில் விழுந்ததோ, அவர் மலையாளத்தில் பதிவு செய்து வைத்திருந்த "சவாள, தக்காளி, முரிங்ஙக்கா". ஹெல்மெட்டும் கையுறையுமாக நான் முன்னால் போக, ஸ்பீக்கர் பின்னால் வந்தது. ஒரு வீட்டிலிருந்து கூடையோடு ஓடிவந்த பெண் என்னை மறித்தாள்.

"சேச்சி, தக்காளிக்கு எந்தா வில?"

எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விலையைச் சொன்னேன். கடையில் உட்கார்ந்து பழகிய வாய்.

வியாபாரத்துக்காக அவர் நிற்கும்போதெல்லாம் நான் கொஞ்ச தூரம் தப்பிப்பேன். கடலும் நானும் மட்டும் என்று மனம் லேசாகும் நேரத்தில் மறுபடி முருங்கைக்காய் வந்துவிடும். சாயங்காலம் ஆலப்புழையில் நடுரோட்டில் நின்று சண்டை போட்டேன். திரும்பிப் போங்கள் என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் சாயாக் கடைக்குப் போனால் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

"சரக்கு இன்னும் தீரல" என்றார்.

அன்று வழியில் காயலைக் கடக்கும் ஒரு படகுக் கடவு வந்தது. வள்ளத்தில் ஆளும் சைக்கிளும் போகலாம், வேன் போகாது. அது சுற்றித்தான் வர வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. சைக்கிளை ஏற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கரையில் நின்று அவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அக்கரையில் முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. சந்தோஷத்தில் சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட வராது. பாட்டு முடிவதற்குள் பின்டயர் இறங்கிவிட்டது. தென்னை நிழலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டினேன். முதல் ஒட்டு நிற்கவில்லை. டயர், ரோடு, வீட்டுக்காரர் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டினேன். காற்றடித்து முடிக்கும்போது வேன் வந்து நின்றது. ஸ்பீக்கர் பாடவில்லை. இறங்கி வந்தவர் கரி படிந்த என் கையைப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"பயந்துட்டியா?"

"இல்ல."

"நான் பயந்துட்டேன்."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மனம் இளகத்தான் செய்தது. இப்போது இளகினால் கன்னியாகுமரிவரை முருங்கைக்காய்தான் என்பதும் தெரிந்தது.

"பயப்படுங்க, வேண்டாங்கல. வீட்டுல உக்காந்து பயப்படுங்க."

டயரை இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தார். பிறகு வேனில் ஏறி, வண்டியை வடக்கே திருப்பினார். நான் தெற்கே மிதித்தேன். பின்னால் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்கச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. அப்புறம் கடல் கேட்டது.