லயத்துக் கூரையும் என் அளவுகோலும்

சவரிமுத்து அந்தோனிசாமி என்னும் நாமமுடைய, அறுபத்து நான்கு வயது பூர்த்தியான அடியேன், கொட்டகலைக் கடைவீதி மாடியறையில் இணையத்தளங்கள் அமைத்துத் தருகிறேன், எவரிடமும் பயின்றதில்லை. பக்கம் ஒழுங்காய் இருந்தால் எவரும் வாய் திறவார், ஒரு பொத்தான் விலகினால் ஊரே வாய் திறக்கும் என்பதை, இத்தொழிலில் உழலும் வாசக அன்பர்கள் அறிவீர்கள்.

பெரட்டு வரிசை

நோர்வூட்டில் விருந்தினர் விடுதி நடத்தும் ஸ்டெல்லா டீச்சர், ஐந்து அறைகளுக்கு ஐந்து பெட்டிகள் கேட்டார்: படம், விவரம், அடியில் பதிவுப் பொத்தான். தமிழ் விவரங்கள் நீண்டும் குறுகியும் இருந்ததால் பெட்டிகள் ஏற்றத்தாழ்வாய் நின்றன. உலாவியின் ஸ்டைல் விதிகளே இதைச் சரிசெய்யும் என்றறிந்தும், கணக்கில் எனக்கொரு கர்வம். பெட்டிகளை அளந்து, மிக உயர்ந்ததன் அளவை எல்லாவற்றுக்கும் இடும் ஸ்கிரிப்டை நாற்பது வரிகளில் எழுதினேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் போல் அவை வரிசையாயின.

டீச்சர் வியந்தார்: "அந்தோனி அண்ணே, எங்க பள்ளிக்கூடப் புள்ளைங்க கூட இப்படி நேரா நின்னதில்லைங்க!"

இறங்கி வந்த பொத்தான்

மறுவாரம் அவரே இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். சிக்னல் மெலிந்த இடத்தில், போனில் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்ப் பக்கம் முதலில் தோன்றும். என் ஸ்கிரிப்ட் பிந்தி வந்து அளக்கும். எல்லாம் கீழே சரியும். குடும்ப அறையைத் தொடப்போன விரலுக்கடியில், மேலிருந்த ஒற்றைக் கட்டில் அறையின் பொத்தான் இறங்கி வந்து நின்றதாம். ஆறு பேர் மூட்டை முடிச்சுகளோடு வந்து அந்தக் கட்டிலைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஏப்ரல் சீசனுக்கு முன்ன இது சரியாகலைன்னா வேலையக் கொழும்புலதான் குடுப்பேன். கோவிச்சுக்காதீங்கண்ணே."

எதிர்மலை

ஸ்கிரிப்டை இன்னும் விரைவாக அளக்கச் செய்கிறேன் என்று வாதாடினேன். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே, எதிர்மலையிலிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தைக் காட்டினார். "பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. தோட்டத்து வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா தெனம் வந்து உசரம் அளந்தா அது நிக்குது? கட்டும்போதே சேத்துல்ல கட்டிட்டாங்க!"

நாற்பது வரிகளையும் அழித்தேன். பெட்டிகளை ஒரே கிரிட்டில், அதாவது ஒரே கட்டச் சட்டத்தில் பூட்டி, மூன்று வரி ஸ்டைலில் சமமாக்கினேன். பொத்தானைத் தொட்டதும் விரியும் திகதிப் பெட்டி திரைக்கு வெளியே போகாமல் திருப்பி வைக்கும் வேலையை மட்டும் ஸ்கிரிப்டுக்கு விட்டேன். விரல் தொட்ட பிறகுதானே அந்த இடம் தெரியவரும்?

நோர்வூட் திரும்பும் பஸ்ஸிலேயே திறந்து பார்த்த டீச்சர் போனில் சொன்னார்: "ஆடல, அசையலண்ணே. அப்படியே லயம் மாதிரி நிக்குது, ஒழுகுறதுதான் இல்ல!"

நாற்பது வரிக் கர்வம் மூன்று வரிகளிடம் தோற்று, டீச்சரின் வேலை கொழும்புக்குப் போகாமல் என் மாடியறையிலேயே தங்கிய நாள், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை.